பாகப்பிரிவினை வழக்குக்கு வக்கீல் வைக்கும்முன்

சொத்துத் தகராறு என்று வந்துவிட்டால், தெரிந்தவர்களில் வக்கீல் யாராவது இருக்கிறாரா என்று தேடுவதுதான் நம்மில் பெரும்பாலோர் செய்யும் முதல் வேலை. மருமகனின் நண்பர் உயர் நீதிமன்றத்தில் இருக்கிறார், எதிர்வீட்டுக்காரரின் தம்பி சட்டம் படித்திருக்கிறார் என்று தொடங்கும் இந்தத் தேடலில், வழக்கு எந்த ஊர் நீதிமன்றத்தில் நடக்கும் என்ற கேள்வியை யாரும் கேட்பதில்லை. நிலம், வீடு போன்ற அசையாச் சொத்தைப் பற்றிய வழக்கை, அந்தச் சொத்து எந்த நீதிமன்றத்தின் எல்லைக்குள் இருக்கிறதோ அங்கேதான் தாக்கல் செய்ய வேண்டும் என்கிறது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு. நீங்கள் அம்பத்தூரில் குடியிருந்தாலும் சிங்கப்பூரில் வேலை பார்த்தாலும், அப்பா விட்டுச்சென்ற வீடு சங்கரன்கோவில் பக்கம் இருந்தால், உங்களுக்கு வேண்டிய உள்ளூர் வக்கீல் சங்கரன்கோவில் வக்கீல்தான்.

நான் வக்கீல் அல்லன். தாலுகா நீதிமன்றம் உள்ள ஓர் ஊரில், சிவில் வழக்குகளையே நடத்திவந்த வக்கீல் ஒருவரிடம் நெடுங்காலம் குமாஸ்தாவாக இருந்தவன். மாலை 6 மணிக்கு மேல் மஞ்சள் பையோடு படியேறி வரும் கட்சிக்காரர்கள், அந்தப் பையிலிருந்து எதை எடுக்கிறார்கள், எதை எடுக்காமல் விடுகிறார்கள் என்பதைப் பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டவற்றையே இங்கே எழுதுகிறேன். உதாரணமாக ஒரே ஒரு வகை வழக்கை எடுத்துக்கொள்கிறேன்: அப்பா காலமான பிறகு, வீட்டையும் நிலத்தையும் அண்ணன் தன் பெயருக்குப் பட்டா மாற்றிக்கொள்ள, தங்கை தன் பங்கைக் கேட்டுப் போடும் பாகப்பிரிவினை வழக்கு.

வக்கீலைத் தேடுதல்

தாலுகா ஊர்களில் சிவில் பார்க்கிறவர், கிரிமினல் பார்க்கிறவர், விபத்து நஷ்டஈட்டு வழக்குகளை மட்டும் எடுக்கிறவர் என்ற பிரிவினை எழுதப்படாத வழக்கமாகவே இருக்கிறது. ஜாமீன் வாங்குவதில் பெயரெடுத்தவர் பாகப்பிரிவினை வழக்கையும் வாங்கிக்கொள்ளக்கூடும். சட்டம் அதைத் தடுக்கவில்லை. ஆனால் பழைய கிரயப் பத்திரத்தின் நான்கெல்லையை இன்றைய புல வரைபடத்தோடு பொருத்திப் பார்க்கும் பழக்கம், அதையே தொழிலாகச் செய்கிறவருக்குத்தான் வரும்.

அப்படிப்பட்டவர் யார் என்று தெரிந்துகொள்ள, எனக்குத் தெரிந்த நல்ல வழி நீதிமன்றத்துக்கே போய்ப் பார்ப்பதுதான். நீதிமன்றங்கள் பொதுவாகத் திறந்த மன்றங்கள். அடக்கமாக உடுத்தி, கைப்பேசியை அணைத்துவிட்டுப் பின் வரிசையில் அமர்ந்தால் யாரும் எழுந்து போகச் சொல்வதில்லை. காலையில் வழக்குகளை வரிசையாக அழைக்கும்போது, யார் கட்டோடு எழுந்து நிற்கிறார், யாருக்காக ஜூனியர் ஓடிவந்து வாய்தா மட்டும் கேட்கிறார் என்பது அரைமணி நேரத்தில் தெரிந்துவிடும். சாட்சி விசாரணை நடக்கும் நாள் என்றால் இன்னும் நல்லது. குறுக்கு விசாரணையில் குரலை உயர்த்துகிறவரைவிட, சாட்சியின் கையில் ஓர் ஆவணத்தைக் கொடுத்துத் தாழ்ந்த குரலில் மூன்று கேள்வி கேட்டு உட்கார்ந்துவிடுகிறவரையே நான் குறித்துக்கொள்வேன்.

நீதிமன்றங்களின் வழக்கு விவரங்களைத் தரும் இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் வக்கீலின் பெயரைக் கொண்டு தேடினால், குறிப்பிட்ட நீதிமன்ற வளாகத்தில் அவர் நடத்தும் வழக்குகள் வரும். முடிந்த வழக்குகளை வைத்து வெற்றி தோல்வி எண்ணிப் பார்ப்பதில் பொருளில்லை. சிவில் வழக்குகளில் பல சமரசத்தில் முடிகின்றன, சில கட்சிக்காரரே கைவிட்டவை. பாகப்பிரிவினை வழக்குகளும் இறுதித் தீர்ப்பாணை மனுக்களும் அந்தப் பட்டியலில் இருக்கின்றனவா என்பதை மட்டும் பார்த்தால் போதும். அவர் தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சிலில் பதிவு செய்தவர்தானா என்பதை, வக்காலத்தில் அச்சிட்டிருக்கும் பதிவு எண்ணையும் ஆண்டையும் கொண்டு உறுதிசெய்துகொள்ளலாம்.

வக்கீல்கள் விளம்பரம் செய்வதையும் வழக்குக்காக ஆள் பிடிப்பதையும் இந்திய பார் கவுன்சிலின் 36-ஆம் விதி தடுக்கிறது. தரவரிசை போட்டு வக்கீல்களை விற்பனைப் பொருள்போல் காட்டும் இணையதளங்கள் மீது நடவடிக்கை எடுக்கும்படி சென்னை உயர் நீதிமன்றமே 2024-இல் பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டிருக்கிறது. ஆகவே, தாமாகவே உங்களைத் தொலைபேசியில் அழைத்து வழக்கு கேட்கிறவரையும், சார்பதிவாளர் அலுவலக வாசலில் கையைப் பிடித்து இழுத்துப் போகிற தரகரையும் ஒரே கண்ணால் பார்ப்பது நல்லது. பத்திர எழுத்தர்கள் சொல்லும் பெயர்களை நான் ஒதுக்கச் சொல்லமாட்டேன். யாருடைய வழக்குரையில் சொத்து விவரம் பிழையில்லாமல் இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும்.

சிற்றூர்களில் வேறொரு சிக்கலும் உண்டு. நீங்கள் பார்க்கப்போகும் வக்கீல், உங்கள் அண்ணனுக்கு முன்பே ஆலோசனை சொன்னவராக, அவருக்கு நோட்டீஸ் எழுதிக்கொடுத்தவராக இருக்கலாம். ஒரு வழக்கு தொடர்பாக ஒரு தரப்புக்கு ஆலோசனை சொன்னவரோ வழக்குரை தயாரித்தவரோ, அதே வழக்கில் எதிர்த்தரப்புக்கு ஆஜராகக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. எனவே சந்திப்புக்கு நேரம் கேட்கும்போதே, சொத்து இருக்கும் ஊர், அப்பாவின் பெயர், எதிர்த்தரப்பினரின் பெயர்கள் ஆகியவற்றை மட்டும் சொல்லி, "இவர்களுக்கு ஐயா ஏதாவது பார்த்திருக்கிறாரா?" என்று குமாஸ்தாவிடம் கேட்டுவிடுங்கள். விவரம் முழுவதையும் கொட்டிய பிறகு இது தெரியவந்தால் இரு பக்கத்துக்கும் தர்மசங்கடம்.

செலவைத் தாங்க முடியாதவர்களுக்கு, சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம், 1987 வழிவிட்டிருக்கிறது. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோர் வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவச வக்கீல் கேட்கலாம். நம் உதாரணத்துத் தங்கைக்கு இந்த உரிமை நிச்சயமாக உண்டு. நீதிமன்ற வளாகத்திலுள்ள வட்ட சட்டப் பணிகள் குழுவில் மனு கொடுக்கலாம். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

பையில் என்ன இருக்க வேண்டும்

கையில் இருக்கும் காகிதங்களை எல்லாம் எடுத்துவருவது நல்லதுதான். ஆனால் அவை ஒரு வரிசையில் இருக்க வேண்டும். மூலப்பத்திரம், அதற்குப் பின் வந்த கிரயம், தானசெட்டில்மெண்ட், பாகப்பிரிவினை, விடுதலைப் பத்திரங்கள் (பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதுபவை) ஆகியவை முதலில். யாருக்கு எது என்று பதிவு செய்யாமல் வீட்டிலேயே எழுதிக்கொண்ட கூர்ச்சீட்டு இருந்தால் அதுவும் வேண்டும், அதைத் துண்டுக் காகிதம் என்று ஒதுக்காதீர்கள். அடுத்தது பட்டா, சிட்டா, அடங்கல், புல வரைபடம், வீட்டு வரி ரசீதுகள். அதன்பின் அப்பாவின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, அண்ணனுக்கும் உங்களுக்கும் இடையே நடந்த கடிதங்கள், வாட்ஸ்அப் உரையாடல்கள். பட்டாவைத் தமிழக அரசின் வருவாய்த் துறை இணையதளத்திலும், வில்லங்கச் சான்றைப் பதிவுத் துறை இணையதளத்திலும் நீங்களே எடுத்துவிடலாம். கணினியில் ஏறாத பழைய காலத்துக்கான வில்லங்கத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு கொடுத்துத்தான் வாங்க வேண்டும்.

பட்டா அண்ணன் பெயருக்கு மாறிவிட்டதே என்று அழுதுகொண்டே வருகிறவர்கள் அதிகம். பட்டா வருவாய்த் துறையின் பதிவு; அது மட்டுமே உரிமை மூலம் ஆகாது என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. கவலையோடு பார்க்க வேண்டியது வில்லங்கச் சான்றைத்தான். அதில்தான் உங்களுக்குத் தெரியாமல் பதிவான கிரயமும் அடமானமும், நீங்கள் மறந்துபோன உங்கள் சொந்தக் கையெழுத்தும் இருக்கும்.

எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து, மூலையில் 1, 2, 3 என்று எண் போட்டு, அந்த எண்களைக் கொண்டே ஒரு தேதித்தாள் எழுதுங்கள். ஒரே பக்கம் போதும். எங்கள் அலுவலகத்துக்கு வந்த தாள் ஒன்றைப் போலவே, அடையாளங்களை மாற்றி ஒரு மாதிரி தருகிறேன்.

1961 – தாத்தா பெயரில் வீடும் நிலமும் கிரயம். நகல் எண் 1.
1984 – தாத்தா இறந்தார். உயில் இல்லை. அப்பா ஒரே வாரிசு.
1992 – அப்பா தம் சம்பளத்தில் காலிமனை வாங்கினார். அசல் அண்ணனிடம் உள்ளது.
1998 – என் திருமணம்.
2003 – சார்பதிவாளர் அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டேன். என்ன பத்திரம் என்று நினைவில்லை.
2011 – அப்பா இறந்தார். நகல் எண் 2.
2019 – பட்டா மாறியிருப்பதை இணையத்தில் பார்த்தேன். நகல் எண் 3.
2024 – அண்ணன் காலிமனையை விற்க விலை பேசுவதாகத் தகவல்.

இந்த எட்டு வரிகளைப் படிக்கும் சிவில் வக்கீலுக்கு அரை வழக்கு விளங்கிவிடும். நாம் பேச்சுவழக்கில் பூர்வீகச் சொத்து என்று சொல்வதெல்லாம் சட்டத்தில் பூர்வீகச் சொத்து ஆவதில்லை. தாத்தா சொந்தமாக வாங்கி, 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்குப் பிறகு உயிலின்றி இறந்து, அந்தச் சட்டப்படி அப்பாவுக்கு வந்த சொத்து, அப்பாவின் தனிச்சொத்தாகவே கருதப்படும். அப்பாவும் உயில் எழுதாமல் இறந்திருந்தால், அம்மா, அண்ணன், தங்கை மூவருக்கும் அதில் சமபங்கு. கூட்டுக்குடும்பச் சொத்து என்றால் கணக்கு வேறு. மகள்களுக்கும் பிறப்புரிமை தந்த திருத்தச் சட்டம் 2005 செப்டம்பர் 9 அன்று நடைமுறைக்கு வந்தது. அப்போது அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. ஆனால் 2004 டிசம்பர் 20-க்கு முன் பதிவான பாகப்பிரிவினையை அந்தத் திருத்தம் தொடாது. இத்தனையையும் நீங்கள் தெரிந்துகொண்டு போக வேண்டியதில்லை. தேதிகளைச் சரியாகக் கொண்டுபோனால் போதும்.

அந்தத் தாளில் 2003-ஆம் ஆண்டு வரி முதலில் இல்லை. அந்த அம்மாள் முதல் சந்திப்பில் அதைச் சொல்லவில்லை, "எங்கேயாவது கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களா?" என்று எங்கள் வக்கீல் கேட்டபோதும், அருகில் அமர்ந்திருந்த கணவரைப் பார்த்துவிட்டு இல்லை என்றார். வழக்குத் தாக்கலாகி, அண்ணன் எதிருரையோடு விடுதலைப் பத்திரத்தின் நகலைப் போட்ட பிறகுதான் கதை வெளியே வந்தது. அப்பா கூப்பிட்டாராம், போனாராம், காட்டிய இடத்தில் கையெழுத்திட்டாராம். அது தெரிந்தால் வழக்கையே எடுக்கமாட்டார்கள் என்ற பயத்தில் மறைத்திருக்கிறார்.

ஆனால் அந்தப் பத்திரம் அவர் நினைத்த அளவுக்கு அவரை முடக்கவில்லை. அப்பா உயிரோடிருக்கும்போது அவருடைய தனிச்சொத்தில் மகளுக்கு உரிமை எதுவும் கிடையாது. பின்னாளில் வாரிசாகலாம் என்ற எதிர்பார்ப்பு மட்டுமே உண்டு. அந்த எதிர்பார்ப்பைப் பிறருக்கு மாற்றிக்கொடுக்க முடியாது என்கிறது சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு. பணம் வாங்கிக்கொண்டு விட்டுக்கொடுத்தாரா என்பதைப் பொறுத்து எதிர்த்தரப்புக்கும் வாதம் உண்டு என்றாலும், முதல் நாளே தெரிந்திருந்தால் வழக்குரையை அதற்கேற்ப எழுதியிருக்கலாம். தெரியாமல்போனதால் வழக்குரையைத் திருத்த மனு, அதற்கு எதிர்ப்பு, அதன்மேல் விசாரணை என்று வாய்தாக்கள் போயின, சாட்சிக்கூண்டில் "முதலில் ஏன் சொல்லவில்லை?" என்ற கேள்விக்கும் அவர் பதில் சொல்ல வேண்டிவந்தது.

ஆகவே உங்களுக்குப் பாதகமானது என்று நீங்கள் நினைப்பதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். வக்கீலிடம் தொழில் முறையில் சொன்னதை உங்கள் சம்மதமின்றி அவர் வெளியிட முடியாது. முன்பு சாட்சியச் சட்டத்தின் 126-ஆம் பிரிவிலும் இப்போது பாரதிய சாட்சிய அதினியமின் 132-ஆம் பிரிவிலும் இந்தப் பாதுகாப்பு இருக்கிறது, குமாஸ்தாவுக்கும் இது பொருந்தும். சட்டவிரோதமான ஒன்றைச் செய்ய யோசனை கேட்டால் இந்தப் பாதுகாப்பு கிடையாது. கூட வருகிறவர்களுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை என்பதால், உறவுக்கூட்டத்தோடு போகாதீர்கள். கணவர் முன்னால் சொல்ல முடியாத செய்தி இருந்தால், தனியே பத்து நிமிடம் பேச வேண்டும் என்று கேட்பதில் தவறே இல்லை.

மேசைக்கு எதிரே

முதலில் தேதித்தாளைக் கொடுத்துவிட்டு, வக்கீல் படித்து முடிக்கும்வரை பேசாமல் இருங்கள். இது கேட்பதற்கு எளிது. செய்கிறவர்கள் மிகக் குறைவு. அண்ணியின் குணம், கல்யாணத்தில் நடந்த அவமதிப்பு எல்லாம் உண்மையாக இருக்கலாம், ஆனால் வழக்குரையில் அவற்றுக்கு இடமில்லை.

காலக்கெடுவை முதலில் கேளுங்கள். கூட்டு உரிமையாளர் ஒருவரின் அனுபவம் (அதாவது சொத்தைத் தம் வசம் வைத்திருப்பது) மற்றவர்களுக்கும் சேர்ந்த அனுபவமாகவே பொதுவாகக் கருதப்படுவதால் பாகம் கேட்பதற்குச் சட்டென்று காலம் கடந்துவிடுவதில்லை. ஆனால் ஒரு பத்திரத்தை ரத்து செய்யக் கேட்பதற்கு, அதற்குக் காரணமான விவரம் தெரிந்த நாளிலிருந்து 3 ஆண்டுகள்தான். மாறாக, உங்கள்மீது வழக்குப் போட்டுச் சம்மன் வந்திருந்தால், எதிருரை தாக்கல் செய்ய 30 நாள். நீதிமன்றம் அனுமதித்தால் 90 நாள் வரை. சம்மன் கைக்கு வந்த தேதியை அதன்மேலேயே எழுதி, உறையோடு கொண்டுபோங்கள்.

அடுத்து, நீதிமன்றக் கட்டணம் எந்தப் பிரிவின்கீழ் வரும் என்று கேளுங்கள். சொத்தில் உங்களுக்குக் கூட்டு அனுபவம் இருந்தால், தமிழ்நாடு நீதிமன்றக் கட்டணச் சட்டம், 1955-இன் 37(2)-ஆம் பிரிவின்படி நிலையான சிறு தொகை. அனுபவத்திலிருந்து விலக்கப்பட்டவர் என்றால் 37(1)-இன்படி உங்கள் பங்கின் சந்தை மதிப்பில் கட்டணம். அந்த வீட்டில் கடைசியாக எப்போது தங்கினீர்கள், நெல்லோ குத்தகைப் பணமோ எப்போது வந்தது என்று வக்கீல் துருவுவது இதற்காகத்தான். கட்டணம் குறையட்டும் என்று, இல்லாத அனுபவத்தை இருப்பதாகச் சொல்லாதீர்கள். குறுக்கு விசாரணையில் அது முதல் பத்து நிமிடத்தில் உடையும்.

எவ்வளவு காலம் ஆகும் என்பதற்கு ஆண்டுக் கணக்கில் உறுதி சொல்கிறவரை நான் நம்பமாட்டேன். அதற்குப் பதிலாகப் படிகளை விளக்கச் சொல்லுங்கள். பாகப்பிரிவினையில், யாருக்கு எத்தனை பங்கு என்று சொல்லும் முதல்நிலைத் தீர்ப்பாணையோடு வேலை முடிவதில்லை. நீதிமன்றம் நியமிக்கும் வழக்கறிஞர் ஆணையர் சொத்தை அளந்து பிரித்து அறிக்கை தந்த பிறகே இறுதித் தீர்ப்பாணை. முதல்நிலைத் தீர்ப்பாணைக்குப் பின் தனி மனுவுக்குக் காத்திராமல் நீதிமன்றமே அடுத்த கட்டத்தை எடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் சொல்லியிருக்கிறது. உங்கள் ஊரில் அது எப்படி நடக்கிறது என்று கேட்டால், வக்கீலின் அனுபவமும் சேர்ந்து வெளிப்படும். காலிமனையை அண்ணன் விற்றுவிடுவாரோ என்ற பயம் இருந்தால் இடைக்காலத் தடை கிடைக்குமா என்றும், சமரச மையத்துக்குப் போனால் என்ன கிடைக்கும் என்றும் அப்போதே கேளுங்கள்.

வாய்தாக்களுக்கு அவரே வருவாரா, ஜூனியர் வருவாரா? ஜூனியர் வருவது குறையல்ல. சாட்சி விசாரணையை யார் நடத்துவார் என்பதுதான் உங்களுக்குத் தெரிய வேண்டும்.

கட்டணம் பேச வெட்கப்படுகிறவர்கள் பின்னால் ஒவ்வொரு வாய்தாவுக்கும் மனம் கசக்கிறார்கள். தாக்கலுக்கு எவ்வளவு, விசாரணைக்கு எவ்வளவு, இறுதித் தீர்ப்பாணைக்குத் தனியா என்று கட்டம் கட்டமாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நீதிமன்றக் கட்டணம், சம்மன் பேட்டா (சம்மன் சேர்ப்பிக்கும் செலவு), சான்று நகல், ஆணையர் கட்டணம் ஆகியவை வக்கீல் கட்டணத்துக்கு வெளியே வரும் செலவுகள். "ஜெயித்தால் சொத்தில் இத்தனை பங்கு கொடுங்கள்" என்று கேட்பதை இந்திய பார் கவுன்சில் விதிகள் தடைசெய்கின்றன; அப்படிக் கேட்கிறவரிடமிருந்து நன்றி சொல்லி எழுந்துவிடலாம்.

அன்றே முடிவெடுக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. ஆலோசனைக் கட்டணத்தைக் கொடுத்துவிட்டு, யோசித்துச் சொல்கிறேன் என்று வருவது எந்த வக்கீலுக்கும் புதிதல்ல.

கையெழுத்துப் போடும்போது

வக்காலத்தில், உங்களுக்காக ஆஜராவது மட்டுமன்றி, ராஜி (சமரசம்) பேசுவதற்கும் பணம் பெறுவதற்கும் அதிகாரம் தரும் வாசகங்கள் அச்சிலேயே இருக்கும். படித்துவிட்டுப் போடுங்கள், ராஜிக்கு என்னைக் கேட்காமல் சம்மதிக்க வேண்டாம் என்று எழுத்தில் தெரிவித்து வைப்பதும் நல்லது. வெற்றுத் தாளிலோ எழுதாத முத்திரைத்தாளிலோ எவர் கேட்டாலும் கையெழுத்திடாதீர்கள். வெளிநாட்டில் இருக்கிறவர்கள் ஊரிலுள்ள ஒருவருக்குப் பவர் கொடுப்பதாக இருந்தால், அதை அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று அனுப்பி, இந்தியாவுக்கு வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும்.

அசல் பத்திரங்களைத் தாக்கலுக்குக் கேட்கும்போது கொடுக்கத்தான் வேண்டும். அப்போது எண்ணும் ஆண்டும் குறித்த பட்டியல் இரண்டு பிரதி எழுதி, ஒன்றில் குமாஸ்தாவின் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். நான் குமாஸ்தாவாக இருந்தபோது அப்படிக் கேட்டவர்கள்மீது எனக்குக் கோபம் வந்ததில்லை. எந்தப் பத்திரம் யாருடையது என்ற குழப்பம் எனக்கே குறைந்தது.

வழக்கு எண் கிடைத்ததும் அதனோடு அந்த வழக்குக்கே உரிய 16 இலக்க சிஎன்ஆர் எண்ணையும் கேட்டு வாங்குங்கள். அடுத்த வாய்தா எப்போது, கடந்த முறை என்ன நடந்தது என்பதை அதைக் கொண்டு கைப்பேசியிலேயே பார்க்கலாம். வக்கீலை மாற்ற வேண்டிய நிலை வந்தால், பழைய வக்கீலிடம் ஆட்சேபணையில்லை என்று எழுதி வாங்கிப் புது வக்காலத்துப் போடுவதே வழக்கம். கட்டண பாக்கியைக் காரணம் காட்டி அவர் கேஸ் கட்டைத் தர மறுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2000-இலேயே தீர்ப்பளித்துவிட்டது; பாக்கி இருந்தால் அதைத் தனியே வசூலிக்க அவருக்கு வழியிருக்கிறது.